பக்கத்து நெரைக்காரி கேட்ட கேள்வி

போன வாரம் சனிக்கிழமை பதுளை பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். கையில் இரண்டு பைகள் — ஒன்றில் காய்கறி, மற்றதில் புது டயரி. பக்கத்திலிருந்து யாரோ என் முழங்கையைத் தொட்டார்கள்.

"நீங்க மல்லிகாவோட அக்காதானே... டீச்சரம்மா?"

திரும்பினேன். ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி. கையில் ஆஸ்பத்திரி கிளினிக் கொப்பி. எனக்குப் பழக்கமில்லாத முகம்.

"ஆமாங்க. நீங்க?"

"நான் புஷ்பம். மடுல்சீமைத் தோட்டத்துல ஒங்க தங்கச்சிக்குப் பக்கத்து நெரையில தேயிலக் கொழுந்து எடுக்குறேன். மூக்கப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

மல்லிகாவும் நானும் பேசி மூன்று வருடமாகிறது.

இருவருக்கும் பஸ் வர நேரமிருந்தது. பக்கத்துத் தேநீர்க் கடையில் போய் உட்கார்ந்தோம். புஷ்பம் அக்கா என் பையை எட்டிப் பார்த்தார்.

"அதென்னங்க, புது டயரியா?"

"ஆமாங்க. இந்த வருஷம் என்னென்ன செய்யணும்னு எழுதி வைப்பேன்."

"எழுதி வச்சா நடந்துருதா?"

இந்தப் பத்தியை வாரா வாரம் வாசிக்கிறவர்களுக்கு என் டயரிப் பைத்தியம் தெரியும். ஜனவரி பிறந்தால் முதல் பக்கத்தில் பத்துத் தீர்மானங்கள். சீனி இல்லாத தேநீர், காலையில் அரை மணி நேர நடை, இத்யாதி. ஒரு வருடம் கலர் பேனாவில் எழுதிப் பார்த்தேன். ஒரு வருடம் போனில் அலாரம் வைத்தேன் — அது அடித்தவுடன் அணைப்பதில் எனக்கு நல்ல பயிற்சி கிடைத்ததுதான் மிச்சம்.

பத்தாவது வரி மட்டும் மூன்று வருடமாக மாறவே இல்லை. 'மல்லிகாவுடன் பேச வேண்டும்.' பழைய டயரியைப் பார்த்துப் புதியதில் அழகாக எழுதி வைத்துவிடுவேன். டயரியில் ஒரு வசதி பாருங்கள்... அது திருப்பிக் கேட்காது!

"எங்க மலையில எழுதுறதெல்லாம் இல்லீங்க" என்றார் புஷ்பம் அக்கா. "புது வருஷத்துல மொத நாள், ஆள் கணக்கெடுக்குற பெரட்டுல பேர் குடுத்துட்டு மலைக்குப் போவோம்ல? 'பொலி, பொலி'ன்னு நல்ல வார்த்த சொல்லிக் கொழுந்துல கைய வைக்கிறப்ப, பக்கத்து நெரைக்காரிகிட்ட ஒரே ஒரு காரியம் சொல்லணும். இந்த வருஷம் இதச் செய்வேன்னு. அம்புட்டுதான். அப்புறம் அவ கேட்டுக்கிட்டே இருப்பா."

"தினமுமா?"

"தினமுந்தான். நாள் பூரா பக்கத்துல நிக்கிறோம், கேட்டா என்ன? போன வருஷம் கிளினிக்குக்குப் போறேன்னு நான் சொன்னேன். ஒங்க தங்கச்சி தொல்ல தாங்காமத்தான் வந்தேன். வந்து பாத்தா சீனி வியாதி. அது கேக்காட்டி நான் எங்க வந்திருக்கப் போறேன்?"

மல்லிகா அப்படித்தான். சின்ன வயதிலேயே ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள்.

"அவ என்ன சொன்னா?" கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். வாய் கேட்டுவிட்டது.

"மூணு வருஷமா ஒரே காரியந்தான். அக்காகூட பேசணும்னு. 'பேசிட்டியாடி?'ன்னு நானும் தெனம் கேக்குறேன். 'நாளைக்கு'ங்குது. போன்ல ஒங்க நம்பர எடுத்து வச்சுப் பாக்குது, அப்புறம் மடியில சொருகிருது. இந்த வருஷமும் அதேதான். எனக்கு அலுத்துப்போச்சுங்க. அதான் ஒங்ககிட்டயே கேக்கலாம்னு வந்தேன். நீங்க ஏன் பேசல?"

அம்மா இறந்தது ஒரு மழைக்காலத்தில். எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தியைப் போனில் சொல்வது மரியாதையில்லை. ஆள் அனுப்பிக் கேதம் சொல்வார்கள். வாசலில் வந்து நின்று நேரில் சொல்ல வேண்டும். மல்லிகாவும் ஆள் அனுப்பினாள். வழியில் மண் சரிந்து பாதை அடைபட்டுவிட்டது. பாதி தூரம் நடந்து, பஸ் மாறி அந்த மனிதர் என் வாசலுக்கு வந்தபோது மறுநாள் மத்தியானம். நான் போய்ச் சேர்வதற்குள் அம்மாவை அடக்கம் செய்துவிட்டார்கள். முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கக் கிடைக்கவில்லை.

அம்மாவும் மல்லிகாவும் இருந்த லயத்து வீட்டு வாசலில் அத்தனை பேருக்கு முன்னால் கத்தினேன். "ஒரு போன் போட ஒனக்குக் கை வரலையா?"

"அம்மா செத்ததப் போன்லயா சொல்றது?" என்றாள். அவள் பேசியது அவ்வளவுதான். இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தவள் நான்.

புஷ்பம் அக்காவிடம் இதைச் சொன்னேன்.

"நீங்க வர்றதுக்கு முன்னாடி நடந்தது ஒங்களுக்குத் தெரியாதுங்க. ஆளு நேரத்துக்குப் போயிருப்பாரு, நீங்க வழியில வந்துகிட்டு இருப்பீங்கன்னே அது நெனச்சுச்சு. அம்மாவத் தூக்க விடல. 'எங்கக்கா வந்துரும், எங்கக்கா வந்துரும்'னு ரெண்டு மணி நேரம் வாசல மறிச்சுக்கிட்டு நின்னுச்சு. பெரியவங்க ஏசித்தான் வெலக்குனாங்க."

பஸ் ஸ்டாண்டுத் தேநீர்க் கடையில், சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அழுதேன். மூன்று வருடம் அவள்மீது நான் வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

தீர்மானம் எடுப்பதில் நமக்கெல்லாம் ஒரு குறைச்சலும் இல்லை. 'என்ன ஆச்சு?' என்று வந்து கேட்கத்தான் ஆள் இல்லை.

"போன் போடுங்க. நான் அடுத்த பஸ்ஸுல போய்க்கிறேன்" என்றார் புஷ்பம் அக்கா.

போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"அக்கா..."

புஷ்பம் அக்கா கிளினிக் கொப்பியால் விசிறிக்கொண்டு, காதில் விழாதவர் போல ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒம்மேல தப்பில்ல, மல்லிகா. நான்தான்..."

"சரி வுடுக்கா. எப்ப வர்ற?"

"அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"பசறை தாண்டுனதும் போன் போடு. சந்திக்கு வந்து நிக்கிறேன்."

புஷ்பம் அக்கா என் நம்பரையும் வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினார். "இனி ஒங்களையும் கேக்கணும்ல?"

இதை ஞாயிறு காலை பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். பஸ் குலுக்குகிற குலுக்கலில் என் எழுத்தை எனக்கே படிக்க முடியவில்லை. பசறை இன்னும் வரவில்லை. மல்லிகா சொன்ன சந்திக்குப் போய்ச் சேரப் பத்து மணியாகிவிடும். இப்போதுதான் புஷ்பம் அக்கா போன் பண்ணினார்.

"எங்க வர்றீங்க? ஒங்க தங்கச்சி ஏழு மணிக்கே போயி சந்தியில நிக்குதுங்க."