காதர் அண்ணனுக்குப் பிடிக்காதவன்

காதர் அண்ணனுக்கு டார்வெனைக் கண்டாலே ஆகாது. கண்டால் என்று சொல்வது வாய்ப்பழக்கம்தான். சர்க்கரை நோய் அவருடைய கண் இரண்டையும் சில வருடங்களுக்கு முன்பு பறித்துவிட்டது. டார்வெனோ ஓர் ஆங்கிலக் கதையில் வருகிற கோட்டைக் காவல் தலைவன். இருந்தாலும் அந்தப் பெயர் காதில் விழுந்ததும் அண்ணன் நாற்காலியில் நெளிவார். "வந்துட்டானா அந்தப் பய," என்பார்.

முழுப்பெயர் அப்துல் காதர். ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு, மனைவி சலேஹா, ஜொகூரில் கட்டிக்கொடுத்த ஒரு மகள். முப்பத்தொரு வருடம் ஃபெரியில் கயிறு கட்டுகிற வேலை. "பட்டர்வொர்த்துக்கும் பினாங்குக்கும் போய்ப் போய் வந்ததுதான் லா நான் பார்த்த உலகம்," என்று சிரிப்பார். எனக்கு அவரைத் தெரிந்தது டயாலிசிஸ் நிலையத்தில். செவ்வாய், வியாழன், சனி, காலை ஏழிலிருந்து பதினொன்று வரை இரத்தம் சுத்தம் செய்கிற மெஷினோடு கட்டிப் போடப்பட்டிருப்போம். அவருக்கு ஐந்தாம் நாற்காலி, எனக்கு ஆறாவது.

நான் மோகனா. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி ஒன்றில் இருபத்தாறு வருடம் பொருளில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவள். வேலை போனாலும் புத்தி போகவில்லை. ஊசி குத்த வருகிற நர்ஸ் மிஸ்ஸிகளுக்கே என் வாய் என்றால் பயம்.

சின்ன வயதிலிருந்து எனக்கு மாயாஜாலக் கதைப் பைத்தியம் உண்டு. அப்போது படித்துக்கொண்டிருந்தது ஏழு பாகம், ஒவ்வொன்றும் தலையணை கனம். இடது கையில் ஊசி ஏறியிருக்கும், நான்கு மணி நேரம் அசைக்கக் கூடாது. அதனால் ஒவ்வொரு பாகத்தையும் பிளேடால் எட்டுத் துண்டாக அறுத்து, ஒரு துண்டு முடிந்ததும் அடுத்ததை எடுத்துப் போவேன். புத்தகத்தை அறுத்த பாவி என்று என்னைத் திட்டுகிறவர்கள், அதை ஒற்றைக் கையால் காலை முழுக்கத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திட்டட்டும்.

ஒருநாள் அண்ணன் பக்கத்திலிருந்து கேட்டார். "தங்கச்சி, அடிக்கடி பெருமூச்சு விடுறியே, அப்படி என்ன எழுதியிருக்கு அதுல?"

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நான் ஒரு பக்கம் படித்து, அதைத் தமிழில் சொன்னேன். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. கடலுக்குள் ஒரு கோட்டை. வடக்கிலிருந்து அதை விழுங்க வருகிற பனி அரக்கர்கள். நடுவில் மந்திரவாதிகள், ராணி, கிழட்டு டிராகன் ஒன்று. இத்தனை பேருக்கும் இடையில் பிம்மர் என்று ஒரு படகோட்டி. மந்திரம் தெரியாது, வாள் பிடிக்கத் தெரியாது. ஆட்களை அக்கரைக்கும் இக்கரைக்கும் ஏற்றி இறக்குவான், கயிறு கட்டுவான்.

"கயிறு கட்டுறவனை எந்தக் கதையில போட்டிருக்காங்க?" என்றார் அண்ணன். "இவன் நம்ம ஆளு."

சனிக்கிழமைதோறும் வரிசை அறிவிப்பார். முதலிடம் பிம்மர். இரண்டாவது ராணியின் சமையல்காரி. மூன்றாவது டிராகன், வாயில்லா ஜீவன் என்பதற்காக. கடைசி இடம் எப்போதும் டார்வெனுக்கு. அவன் அதுவரை ஒரு தப்பும் செய்திருக்கவில்லை. சிரிக்க மாட்டான், சட்டம் பேசுவான், எதையும் நேரத்துக்குச் செய்வான். அவ்வளவுதான் குற்றம்.

"நேரம் பார்க்கிறவனை நம்பக்கூடாது தங்கச்சி," என்பார்.

எனக்கு டார்வெனைத்தான் பிடிக்கும். அதை நான் அவரிடம் சொன்னதில்லை.

அவர் கோபம் கதையில் பிறந்ததல்ல என்று சலேஹா அக்கா சொல்லித்தான் தெரிந்தது. அண்ணனுக்கு ஒரே தம்பி, ஜாஹிர், சிம்பாங் அம்பாட்டில் இருக்கிறார். பள்ளிவாசல் வேலைகளில் முன்னால் நிற்கிறவர், கடிகாரம் தவறாதவர். பதினொரு வருடத்துக்கு முன்பு இவர்களின் உம்மா இறந்தபோது அண்ணன் மகளைப் பார்க்க ஜொகூர் போயிருந்தார். செய்தி கேட்டுக் கிளம்பினார். பெருநாள் விடுமுறை, நெடுஞ்சாலை முழுக்க வாகனம் நகராமல் நின்றது. அண்ணன் வந்து சேருவதற்குள் ஜாஹிர் அடக்கம் செய்துவிட்டார். ஊர் சேர்ந்தபோது ஈர மண்மேடு மட்டும் இருந்தது.

"முகத்தைப் பார்க்கல, மூணு பிடி மண்ணும் போடல," என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார். "அவன் காத்திருக்கல தங்கச்சி." தம்பியின் பெயரைச் சொல்ல மாட்டார். அவன் என்றால் ஜாஹிர். யாராவது சமாதானம் பேச வந்தால் எழுந்து போய்விடுவார். நாற்காலியில் கட்டிப் போட்டிருக்கும்போது எழுந்து போக முடியாது என்பதால்தானோ என்னவோ, சலேஹா அக்கா என்னைப் பிடித்தார்.

"அவரு ரொம்ப நாள் தாங்குவாருன்னு டாக்டர் சொல்லல மோகனா. இதயமும் சரியில்லையாம். தம்பியோட பேசாம அவர் போயிடக் கூடாது. நான் பேச்செடுத்தா வீட்டுல சோறு இறங்காது. நீ சொன்னா கேப்பாரு. கதை சாக்குல ஏதாவது சொல்லேன்."

சொல்கிறேன் அக்கா என்று வாக்குக் கொடுத்தேன்.

நான்காம் பாகத்தின் கடைசித் துண்டை நான் எடுத்துப் போன நாளில் அண்ணன் இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார். கால் விரல் இரண்டை எடுத்திருந்தார்கள். குரல் உள்ளே போயிருந்தது. உட்கார்ந்ததும் கேட்டார், "நம்ம ஆளு எப்படி இருக்கான்?"

நம்ம ஆள் அந்தத் துண்டில் செத்துப் போகிறான். பிள்ளைகளையெல்லாம் கரை சேர்த்துவிட்டு, கடைசிப் படகில் அவன் வருவதற்குள் டார்வென் கோட்டைக் கதவைச் சாத்திவிடுகிறான். பிம்மர் கதவைத் தட்டிக்கொண்டே வெளியில் சாகிறான். கட்டுப் போட்ட அந்தக் காலைப் பார்த்தேன். என்னால் முடியவில்லை. கதவுக்கு அடியில் தண்ணீர் போகிற வழியில் பிம்மர் மூழ்கி நீந்தி உள்ளே வந்துவிட்டான் என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன் ஊசி இல்லாத கையால் நாற்காலியைத் தட்டினார். "தண்ணி அவனை ஒண்ணும் பண்ணாது லா. பார்த்தியா?" என்றார். முகத்தில் மறுபடி களை வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அந்தப் பய சாத்திட்டான்ல. ஆளு வர்றதுக்குள்ள," என்றார்.

செத்தவனை உயிரோடு வைத்திருப்பது சாதாரண வேலையில்லை. இரண்டு பாகம் முழுக்க இல்லாத பிம்மருக்கு நான் சோறு போட்டேன், காய்ச்சல் வரவைத்தேன், அடுத்தவர் பேசிய நல்ல வசனங்களைத் திருடிக் கொடுத்தேன். முந்தின நாளே உட்கார்ந்து யோசித்துவிட்டுப் போக வேண்டும். அண்ணன் கேட்டுக் கேட்டுச் சிரித்தார். ஆசிரியரைவிட நன்றாக எழுதுகிறேன் என்று எனக்குக் கொஞ்சம் திமிரும் வந்திருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆறாம் பாகத்தில் ஓர் அத்தியாயம். பிம்மரின் நினைவு நாளில் அவன் கல்லறைக்கு மனைவி போகிறாள். அங்கே டார்வென் நிற்கிறான். அவள் அவனைக் காறித் துப்புகிறாள். அப்போதுதான், அன்றைக்குக் கதவருகே டார்வெனோடு இருந்த சிப்பாய் உண்மையைச் சொல்கிறான். சூரியன் மறைந்ததும் கதவைச் சாத்த வேண்டும் என்பது ராணியின் கட்டளை. டார்வென் சாத்தவில்லை. ஆயுளில் முதல் தடவையாகக் கட்டளையை மீறி, தோளைக் கொடுத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு, படகு வருகிறதா என்று தண்ணீரைப் பார்த்தபடி நின்றிருக்கிறான். அரக்கர்கள் பாலத்தில் கால் வைத்த பிறகுதான் விட்டான். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

படித்துவிட்டு அழுதேன். சலேஹா அக்காவுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. அண்ணனிடம் சொல்வதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் எப்படிச் சொல்வது? அத்தியாயம் முழுவதும் பிம்மரின் கல்லறையில் நடக்கிறது. நான்தான் அவனைச் சாகவிடவில்லையே. மாற்றி யோசித்திருக்கலாம். அன்றைக்கு உடம்பு அசதி, சோம்பல். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அந்தத் துண்டை வீட்டு அலமாரியிலேயே வைத்துவிட்டு, அடுத்த துண்டோடு போனேன்.

அது ஒரு வியாழக்கிழமை. நான் படிக்க ஆரம்பிப்பதற்கு முன்பே அண்ணன் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, என் பக்கமாக நீட்டினார்.

"இதுல ஜாஹிர்னு ஒரு பேரு இருக்கும். தேடி எடுத்து வையி."

அவர் வாயிலிருந்து அந்தப் பெயரை அன்றுதான் கேட்டேன். தேடி எடுத்துக் கையில் கொடுத்தேன். பச்சைப் பொத்தான் எங்கே என்று விரலைப் பிடித்துக் காட்டினேன். அவர் அழுத்தவில்லை. கட்டைவிரலை அதன்மேல் வைத்தபடியே இருந்தார்.

"தங்கச்சி, ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். அந்தப் பய ஏன் கதவைச் சாத்துனான்? அதைப் பத்தி ஏதும் எழுதியிருக்கா?"

நான் தயாராக இல்லை. ஆம் என்றால் எங்கே, எப்படி என்று கேட்பார். கல்லறை வரும். ஆறு மாதப் பொய்யும் வெளியே வரும்.

"இல்லண்ணே," என்றேன். "எழுதல."

"தேடிப் பார்த்தியா?"

"பார்த்தேன். ஒண்ணும் இல்ல."

"அப்ப காரணம் இல்லபோல," என்றார். கட்டைவிரலை எடுத்துவிட்டுக் கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "சரி, நீ படி. நம்ம ஆளு எங்க இருக்கான்?"

சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது எனக்கு உறைக்கவில்லை. நாளைக்குப் பேசுவார், மனம் இளகிவிட்டது என்றுதான் நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது.

இருபது நாள் கழித்து, ஒரு புதன்கிழமை விடியற்காலையில், தூக்கத்திலேயே காதர் அண்ணன் போய்விட்டார்.

நான் ஜெலுத்தோங் போய்ச் சேர்ந்தபோது ஆண்கள் ஜனாஸாவை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். சலேஹா அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மதியத்துக்குமேல் அடக்கம் முடிந்து எல்லாரும் திரும்பினார்கள். நான் வெளியே வந்தபோது நரைத்த தாடியோடு ஒருவர் மாடி நடைபாதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நகங்களில் மண். அண்ணனின் மூக்கு அவருக்கும் இருந்தது.

"பக்கத்து நாற்காலி அக்கா நீங்கதானே? அண்ணி சொன்னாங்க," என்றார் ஜாஹிர்.

"மண்ணு போட்டீங்களா?" என்று கேட்டேன்.

"போட்டேன். எனக்குக் கிடைச்சுது. அவருக்குத்தான் அன்னிக்குக் கிடைக்கல." கொஞ்ச நேரம் கீழே போகிற மோட்டார் சைக்கிள்களைப் பார்த்தார். "உம்மாவை மதியம் லுஹர் தொழுகை முடிஞ்சதும் அடக்கணும்னு முடிவாச்சுக்கா. நான்தான் நிறுத்தி வச்சேன். சாயங்காலம் அஸர் தொழுகையும் ஆச்சு. அப்பவும் விடல. குழிக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு ரோட்டையே பார்த்துக்கிட்டு இருந்தேன். பெரியவங்கல்லாம் திட்டுனாங்க, உசிர் போன மய்யித்தை இப்படிக் காக்க வைக்கலாமான்னு. மழை பிடிச்சுக்கிச்சு, குழியில தண்ணி இறங்க ஆரம்பிச்சுது. அப்புறந்தான் விட்டேன்."

சுவரில் சாய்ந்துகொண்டேன். "இதை ஏன் அவர்கிட்ட சொல்லல?"

"நானா போய்ச் சொன்னா நியாயம் பேசுற மாதிரி இருக்கும்னு விட்டுட்டேன். அவர் ஒரு வார்த்தை ஏன்டான்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கடைசி வரைக்கும் கேக்கவே இல்லக்கா."

கேட்டார். என்னிடம் கேட்டார். காரணம் இல்லை என்று நான் சொன்னேன்.

ஜாஹிர் என் முகத்தைப் பார்க்காமல், மெதுவாகக் கேட்டார். "அங்க இருக்கும்போது என் பேரை எப்பவாவது எடுத்தாரா?"

"எடுத்தார். போனைக் குடுத்து உங்க நம்பரைத் தேடச் சொன்னார். தேடிக் குடுத்தேன். பச்சைப் பொத்தான் மேல விரலை வச்சார்."

அவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "அப்புறம்?"

சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தது.

"மெஷின் சத்தம் போட்டுடுச்சு," என்றேன். "மிஸ்ஸி ஓடி வந்தாங்க. அதோட நின்னு போச்சு."

ஜாஹிர் கம்பியில் நெற்றியை வைத்து அழுதார். வெகுநேரம் அழுதார். பிறகு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"மெஷின்தானா," என்றார். "அப்ப அவருக்கு மனசு வந்திருக்கு. நீங்க பக்கத்துல இருந்தீங்களே, அதுவே அல்லாஹ் செஞ்ச பெரிய உதவிக்கா."

நான் தலையாட்டினேன்.