ட்வைலாவுக்கு வராத வலப்பக்கம்

வாரம் முழுவதும் பள்ளிக்கூடச் சமையலறையில் அண்டா அண்டாவாக உருளைக்கிழங்கு மசிக்கும் கைகளுக்குச் சனிக்கிழமையாவது ஓய்வு வேண்டாமா? ட்வைலாவின் கைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சனிக்கிழமை விடிந்ததும் அவள் கணவன் வெர்ல் பனியில் ஓடும் தன் ஸ்னோமொபைல் வண்டியை டிரெய்லரில் ஏற்றுவான். கொட்டாவி விட்டபடி இவளும் தன் வண்டியை ஏற்றுவாள்.

அமெரிக்காவின் வயோமிங்கில் எங்கள் பள்ளத்தாக்கில் ஆண்கள் பனிமலைக்குப் போவதை யாரும் தடுப்பதில்லை. ஆனால் வெர்லுக்குப் போன இலையுதிர் காலத்தில்தான் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள்; ட்வைலா தடுத்துப்பார்த்தாள்.

"உனக்காக நான் நிறுத்த மாட்டேன். வேணும்னா நீயும் வா," என்று சொல்லிவிட்டான்.

"வராம? சரிவுக்கு அந்தப் பக்கம் நீ விழுந்து கெடந்தா யாரு பாப்பா? எல்க் மானா?"

அந்தப் பக்கம் போவதில்தான் சிக்கல். கீழே பனி மூடிய புல்வெளிக்கும் மேலே கிண்ணம்போல் குழிந்த பனிவெளிக்கும் நடுவே மரங்கள் அடர்ந்த ஒரு சரிவு. போகும்போது மலை வலப்பக்கம் இருக்கும். வண்டியை மலைப்பக்கமாகப் படுக்கவைத்து, அதன் விளிம்பால் பனியைக் கீறிக்கொண்டே போகவேண்டும். வண்டி நிமிர்ந்தால் நேரே கீழேயுள்ள ஓடைக்குள்தான்.

இடப்பக்கம் சாய்த்துத் திருப்புவது ட்வைலாவுக்கு வெண்ணெயில் கத்தி இறங்குவது போல. வலப்பக்கம் மட்டும் வரவே இல்லை. இடது காலை வலது கால்பலகையில் ஊன்றி, வலது காலை வெளியே தொங்கவிட்டு, ஹேண்டில்பாரை வெடுக்கென்று இடப்பக்கம் ஒடிக்கவேண்டும். எதிர்ப்பக்கம் ஒடித்தால்தான் வண்டி நம் பக்கம் சாயும். ஆக்சிலரேட்டரோ வலது கட்டைவிரலில். உடம்பு அந்தப் பக்கம் தொங்கும்போது விரல் மரத்துப்போகும். கூட அழுத்தினால் வண்டி பனியில் குழி பறிக்கும்; குறைத்தால் எழுந்து நின்றுகொள்ளும்.

வெர்லும் அவன் தம்பி லமாரும் சரிவைக் கடந்து போய்விடுவார்கள். இவள் புல்வெளியில் விழுந்து விழுந்து பழகுவாள். கண்ணெல்லாம் சரிவின் மேல்தான். அவன் தலை தெரியும்வரை அவள் நெஞ்சு அவளிடம் இருக்காது.

"என்ன ட்வைலா, கிணறு வெட்டுறியா? தண்ணி வந்தா சொல்லு," என்பான் லமார்.

"வந்ததும் மொதல்ல உன்னைத்தான் தள்ளுவேன்."

"வண்டியோட மல்லுக்கட்டாத. விட்டா அது தானா சாயும்," என்பான் வெர்ல்.

"நம்ம வீட்டுல எது தானா நடந்திருக்கு, வெர்ல்?"

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை லமாருக்கு முதுகுப் பிடிப்பு. ட்வைலா கெஞ்சியும் கேளாமல் வெர்ல் தனியாகவே போனான். சரிவுக்கு அப்பால் அவன் வண்டியின் சத்தம் சட்டென்று நின்றது. திரும்பக் கேட்கவே இல்லை.

ட்வைலா காத்திருந்தாள். பிறகு காத்திருக்க முடியவில்லை. சரிவில் ஏறினாள். வண்டி நிமிர்ந்து ஒரு மரத்தடியில் போய்ச் சொருகியது. தோண்டி எடுத்தாள். மறுபடி ஏறியபோது கைகளில் இழுக்கத் தெம்பில்லை. ஹேண்டில்பாரை ஒடித்துவிட்டு உடம்பை வெளியே தொங்கவிட்டாள், அவ்வளவுதான்.

களைத்த பசு படுப்பதுபோல வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. விரல் லேசாகத்தான் அழுத்தியது. கண் மரங்களைப் பார்க்கவில்லை. மரங்களுக்கு நடுவே இருந்த வெளிச்சத்தைப் பார்த்தது. பனி இழுபடும் சத்தம் காதோரம் ஓடிற்று. இத்தனை நாள் தன் பலம்தான் தன்னைக் கவிழ்த்ததா? அதை நினைத்து மகிழக்கூட அவளிடம் மிச்சமில்லை.

அந்தப் பக்கம், ஹேண்டில்பார் வரை புதைந்த வண்டியருகே வெர்ல் உட்கார்ந்திருந்தான். முகம் சாம்பலாக இருந்தது.

"மாத்திரை போட்டியா?"

"நெஞ்சு இல்ல. மூச்சுதான்." அவன் அவளைப் பார்க்கவில்லை. "ஆபரேஷனுக்கு அப்புறம் எப்பவும் இங்க சிக்கிக்குறேன், ட்வைலா. லமார்தான் தோண்டி எடுப்பான். உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு அவன்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தேன்."

அந்தப் பெரிய மனிதன் கையுறையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

"நான் அங்க உசுரைக் கையில பிடிச்சிட்டு நிப்பேன். நீ இங்க உக்காந்து மூச்சு வாங்கிட்டு இருந்திருக்க," என்றாள் ட்வைலா. கோபம் வரவேண்டிய இடம்தான். அதற்கும் தெம்பு வேண்டுமே! அவன் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கித் தோண்டத் தொடங்கினாள்.

திரும்பும்போது மலை இடப்பக்கம். அது அவள் பக்கம்.

"என் தடத்துலயே வா. புதுப் பனியில எறங்காத."

கல்யாணமான நாள் முதல் முன்னால் மட்டுமே போன மனிதன், அவள் கீறிய கோட்டிலேயே வந்தான்.

டிரெய்லரில் வண்டிகளைக் கட்டும்போது மெதுவாகக் கேட்டான்: "அடுத்த சனிக்கிழமை?"

"அடுத்த சனிக்கிழமை நான் தூங்கப்போறேன், வெர்ல்."

அவன் வாரை இழுத்து இறுக்கினான். அதற்குள் காரில் ஏறிவிட்ட அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அப்ப நானும் போகல. முன்னால தடம் போட ஆள் வேணும்ல."

 கார்க் கண்ணாடியில் தலை சாய்த்து, ஹெல்மெட்டை மடியில் வைத்தபடியே ட்வைலா தூங்கிப்போயிருந்தாள்.