உறிஞ்சியின் தொண்டை

உறிஞ்சி என்ற பெயரை என் நாத்தனார் வாயால்தான் முதலில் கேட்டேன். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்தவள், நேராக என் அடுக்களைக்குள் நுழைந்து, "எல்லாம் சரிதான். ஆனா அந்த ஆள் டீ குடிச்சா தெருமுனை வரைக்கும் கேக்குது. ஒரு உறிஞ்சிக்கா என் பொண்ணக் குடுக்கிறது?" என்றாள்.

விசாரித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் ருசி பார்ப்பது அவர் வேலை. நீள மேசையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, காற்றையும் சேர்த்துச் சர்ரென்று உறிஞ்சி, நாக்கு முழுக்கப் பரவவிட்டு, காலடி வாளியில் துப்ப வேண்டும். எந்தத் தூளை எதோடு கலப்பது என்று அந்த நாக்கு சொல்லும். சம்பளம் நாக்குக்குத்தான், நான் அதைத் தூக்கிக்கொண்டு போகிற ஆள் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கல்யாணம் நடந்தது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

நாத்தனார் மகள் பிள்ளை பெற்ற வருஷம் அவருக்குத் தொண்டை ஓயாமல் வீங்கியது. காய்ச்சல் வரும், எச்சில் விழுங்க முடியாது, மருந்து தின்றால் அடங்கும், அடுத்த மாதம் மறுபடி வரும். டான்சிலை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். வலிக்குமா என்று மனைவி கேட்டாள். ருசி போய்விடுமா என்று இவர் கேட்டார். டாக்டர் எதையும் மறைக்கவில்லை. பெரியவர்களுக்குக் குழந்தைகளைவிட வலி அதிகம், இரண்டு வாரமாவது வேலைக்குப் போகக்கூடாது என்றார். சிலருக்குக் கொஞ்ச நாள் ருசி மாறித் தெரியும், அநேகமாகத் திரும்பிவிடும், திரும்பாமல் போவது ரொம்ப அபூர்வம் என்றார். இவர் காதில் விழுந்தது 'திரும்பாமல்' மட்டும்தான்.

கைக்குழந்தைக்காரிக்கு ஒத்தாசையாக நானும் நாத்தனாரும் போய்த் தங்கினோம். ஆபரேஷனுக்கு முந்தைய நாட்களில் மனுஷன் அடுக்களையிலேயே சுற்றினார். உப்பில் ஒரு துளி, சர்க்கரையில் ஒரு துளி, எலுமிச்சையில் ஒரு துளி என்று நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். ஊருக்குப் போகிறவர்களை வழியனுப்புகிற மாதிரி இருந்தது.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் எங்களை உட்காரவைத்துச் சொன்னாள். தொண்டையில் வெள்ளையாகப் படியும், அது சீழ் இல்லை, புண் ஆறுகிற தோல். காது வலித்தால் பயப்பட வேண்டாம். வலி மாத்திரையை நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும், வலித்தாலும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், காய்ந்த தொண்டை சீக்கிரம் ஆறாது. சூடாக எதுவும் கூடாது. ஒரு வாரம் வாக்கில் அந்த வெள்ளை உரியும்போதுதான் ஆபத்து. புது ரத்தம் வந்தால் யோசிக்காமல் புறப்பட்டு வந்துவிட வேண்டும்.

வலியை அவர் தாங்கினார். தாங்க முடியாதது வேறு. கஞ்சியைக் கொடுத்தாலும் ஐஸ்கிரீமைக் கொடுத்தாலும், மண்ணைத் தின்கிற மாதிரி இருப்பதாகச் சைகை காட்டுவார். குழந்தையைப் பார்ப்பார், உடனே முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருநாள் என்னிடம் மட்டும், கிசுகிசுவென்று, "நாக்கு செத்துப்போச்சுன்னு நெனைக்கிறேன் அத்தை. எனக்கு வேற வேலை எதுவும் தெரியாதே" என்றார். நான் தண்ணீர்க் குவளையை நீட்டினேன்.

அந்த வாரம் முடிகிற சமயம். காலையில் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அடுக்களையிலிருந்து சர்ரென்று அந்தச் சத்தம் கேட்டது. பழைய சத்தம். மாப்பிள்ளை தேறிவிட்டார் என்று எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. இரண்டாவது சர் வரவில்லை. குழாய் திறக்கிற சத்தம் வந்தது. அது நிற்கவே இல்லை.

போய்ப் பார்த்தேன். தொட்டியோரம் குனிந்து துப்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வேலையிடத்தில் போடுகிற மாதிரி கறுப்பாக ஒரு கோப்பை டீ, ஆவி பறந்தது.

"எச்சில்தான் அத்தை. நீங்க போங்க."

தொட்டி முழுக்கச் சிவப்பு. குழாய்த் தண்ணீர் அதைக் கழுவிக் கழுவிக் கொண்டுபோனது, அடுத்த நிமிஷம் மறுபடி சிவந்தது.

நாத்தனார் ஐஸ் கொடுத்துப் படுக்கவைக்கலாம், தானாக நிற்கும் என்றாள். நர்ஸ் சொன்னது எனக்கு மறக்கவில்லை. "படுத்தா ரத்தம் உள்ள போயிடும் அண்ணி. நீங்க பிள்ளையப் பாருங்க, நாங்க கிளம்புறோம்" என்றேன். டாக்ஸியில் அவரை முன்னால் சாய்ந்து உட்காரவைத்து, மடியில் பாத்திரம் கொடுத்தோம். விழுங்காதீங்க, துப்புங்க என்று மனைவி சொல்லிக்கொண்டே வந்தாள். ஆயுசு முழுக்கத் துப்பிப் பழகிய மனுஷன் துப்பத் துப்ப, இவ்வளவு ரத்தமா ஒரு தொண்டையில் என்று நான் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். பாதி வழியில் அவர் கை சில்லென்று ஆனது. அவள் அந்தக் கையை விடவே இல்லை.

ஆஸ்பத்திரியில் நேராக உள்ளே கொண்டுபோனார்கள். அவளும் நானும் மூடிய கதவுக்கு வெளியே நின்றோம். ரத்தம் வந்த இடத்தைச் சுட்டு அடைத்ததாகப் பிறகு சொன்னார்கள்.

மறுநாள் டாக்டர் கட்டிலருகே வந்து நின்றார். "புண்ணு ஆறுறதுக்குள்ள கொதிக்கிற டீய உறிஞ்சச் சொன்னது யாரு?"

"ருசி இருக்கான்னு பார்த்தேன் சார்."

"இருந்துதா?"

"டீ தெரியல. ரத்தம் தெரிஞ்சுது. துருப்பிடிச்ச ஆணி மாதிரி."

"அப்ப நாக்கு வேலை செய்யுது. அதை நம்பிக்கிட்டு வாயை மூடிட்டுப் படுங்க."

அவள் அப்போதுதான் அழுதாள்.

ருசி திரும்ப இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. முதலில் வந்தது கசப்பு. பிறகு மற்றவை ஒவ்வொன்றாக. அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கும்போது அவர் உறிஞ்சினால் இன்றும் நான் கைவேலையை நிறுத்திவிட்டு, இரண்டாவது சத்தம் வருகிறதா என்று காத்திருப்பேன். நாத்தனாரும் அப்படித்தான். இப்போது யாரும் அவரை அந்தப் பெயர் சொல்லிக் கேலி செய்வதில்லை.

அதே தொழிற்சாலையில், அதே நீள மேசைக்கு முன்னால் நின்று இன்றும் ருசி பார்க்கிறார்.