பிடியானைக்குத் தட்டிய தளை

இராயக்கோட்டையிலிருந்து ஓசூர் வந்த பேருந்து சானமாவுக் காட்டில் நின்றுவிட்டது. கொட்டும் மழை. "ஏனுகு, ஏனுகு" என்று நடத்துனர் தெலுங்கில் முணுமுணுத்தார். பாதையின் நடுவே ஒரு பிடியானை. குட்டியை வயிற்றுக்கடியில் நிறுத்திக்கொண்டு, மழை முழுவதையும் தன் முதுகில் வாங்கியபடி நின்றது. முதல் பிள்ளையைச் சுமந்திருந்த எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் ஒரு குறள் வெண்பா எழுதினேன்.

கன்றை வயிற்றின்கீழ்க் காத்து மழைநனைந்து
நின்றது பிடியானை பார்.

என் வீட்டுக்காரர் உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர். பயந்தாயா, நனைந்தாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பென்சிலை எடுத்துச் சீர் பிரிக்க உட்கார்ந்துவிட்டார். எதுகை உண்டு, மோனை உண்டு, முதலடி சுத்தம் என்றார். பிறகு முகம் சுளித்தார்.

"ரெண்டாமடியில தளை தட்டுது. 'நின்றது' கூவிளம். அதுக்கப்புறம் நேரசைதான் வரணும். 'பிடி' நிரையசை. 'நின்றது கொம்பன் நிமிர்ந்து'ன்னு மாத்திடு. ஓசையப் பாரு!"

"கொம்பன் ஆம்பள யானைங்க. நான் பாத்தது தாயி."

"யாப்புக்கு அதெல்லாம் தெரியாது."

சோறு போடும்போதும் அதே பேச்சு, விளக்கை அணைத்த பிறகும் அதே பேச்சு. பள்ளி ஆண்டு விழாவில் நான் அந்தக் குறளைப் படிப்பதாக ஏற்பாடு. அழைப்பிதழில் என் பெயரைப் போட்டுக் கொம்பனை அச்சடித்தே கொண்டுவந்துவிட்டார். கொம்பன், குட்டியை வயிற்றின்கீழ் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறதாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேடையேறி என் அடியையே படித்தேன். முன்வரிசையில் அவர் பல்வலிக்காரரைப் போலக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கூட்டம் கைதட்டியது. தளை தட்டியது வேறு யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை.

திரும்பும்போது பாதி வழிவரை விரல்விட்டு அசை எண்ணிக்கொண்டே வந்தார். பிறகு சட்டென்று நின்றார்.

"'பெண்யானை'ன்னு போட்டிருந்தா தட்டாது. 'பெண்' நேரசை."

"இத அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

"அன்னிக்கு நான் யானைய நெனைக்கலையே" என்றார்.

அவர் போய் எத்தனையோ வருடங்களாகிவிட்டன. அந்தக் குறளைச் சொல்லும்போதெல்லாம் இப்போது என் வாயில் 'பெண்யானை'தான் வருகிறது. அதுவும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.