மீனுக்கு உப்புப் போடும் கை

மன்னியுங்கள். எட்டாம் வகுப்போடு நின்ற நான், உடம்புக்குள் நடக்கும் விஷயத்தைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். வழக்கமாகப் பத்திரிகையின் இந்த இடத்தில் மீன் விலை, பஸ்ஸில் சண்டை, பூசைக்கு வராதவர்களின் சாக்கு என்று எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பேன். இந்த வாரம் முடியவில்லை.

போன மாதம் எங்கள் தெருவில் வயிற்றோட்டம் பரவியது. என் கணவரின் அக்கா திரேசா மச்சாளும் படுத்துவிட்டார். எங்களோடு இருந்தவர். பதினெட்டு வருடமாக அவரும் நானும் ஒரே தொட்டியில் மீனுக்கு உப்புப் போட்டவர்கள்.

மூன்றாம் நாள் காலை டிஸ்பென்சரிக்கு ஓடினேன். அங்கே மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி ஐயா விரலைக் காட்டிச் சொன்னார்.

"ஒரு போத்தல் கொதிச்சாறின தண்ணி. ஒரு பிடி சீனி. உப்பு, மூண்டு விரல் நுனியால ஒருக்கா கிள்ளிப் போடுங்கோ. வாயில விட்டுப் பாருங்கோ, கண்ணீரை விட உப்பா இருக்கப்படாது."

"ஓம் ஐயா."

எனக்கா உப்புப் போடத் தெரியாது?

வந்த மீனைத் தொட்டியில் அடுக்கிவிட்டு, அப்படியே எழும்பிப் போய்க் கரைத்தேன். மீனின் வயிற்றைக் கீறி உப்பு அடைக்கிற கை. ஐந்து விரலும் சேர்ந்துதான் அள்ளும்... அள்ளியது. வாயில் விட்டுப் பார்த்தேன். உப்பே தெரியவில்லை. எப்படித் தெரியும்? உதட்டிலும் மூக்கிலும் உப்புத் தூள்.

மச்சாள் ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"எடியே, என்னையும் கருவாடு போடப் போறியோ?"

"மருந்தெண்டா அப்பிடித்தான் மச்சாள். கண்ணை மூடிக்கொண்டு குடியுங்கோ."

"கடல் தண்ணியை மொண்டு தந்தாலும் இதை விட நல்லாயிருக்கும்."

இரண்டு பேரும் சிரித்தோம். இரண்டு நாளாக உப்பைத் தொடாதவர் அவர். அவருடைய நாக்குத்தான் சரியாக இருந்தது. அது எனக்கு உறைக்கவில்லை. மத்தியானத்துக்குள் இரண்டு போத்தல் பருக்கினேன். குடிக்கக் குடிக்கத் தாகம் என்றார். தாகம் நல்லதுதானே என்று இன்னும் கரைத்தேன்.

பின்னேரம் என்னைப் பார்த்து, "நீ ஆர்?" என்று கேட்டார்.

கார் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சேலைன் ஏற்றினார்கள். கேள்விப்பட்டு அப்போதிக்கரி ஐயாவும் வந்தார். கையோடு கொண்டுபோயிருந்த மிச்சப் போத்தலைக் கொடுத்தேன். ஒரு துளி நாக்கில் வைத்தார். துப்பினார்.

பிறகு என்னை விறாந்தையில் இருத்தி விளக்கினார். உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர்க்கலங்களாம். ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய சவ்வு. தண்ணீர் அதனூடாகப் போய் வரும்; உப்பு நினைத்தபடி போகாது. குடலில் கொஞ்ச உப்பும் சீனியும் சேர்ந்து வந்தால் இரண்டும் ஒன்றாக உள்ளே நுழையும். தண்ணீர் பின்னால் போகும். உப்பு மிஞ்சினால்? கலத்துக்குள் இருக்கிற தண்ணீரையே வெளியே இழுத்துவிடும்.

"விளங்குதோ?" என்றார்.

விளங்காமல் என்ன? உப்புப் போட்ட பாரை மீன் தொட்டி நிறையத் தண்ணீர் விடுவதைப் பதினெட்டு வருடம் பார்த்தவள் நான். சதை இறுகும். கண் உள்ளே போகும். மச்சாளின் கண்ணும் அப்படித்தான் போயிருந்தது — அதைப் பார்த்துக்கொண்டேதான் பருக்கியிருக்கிறேன்.

"பிழைப்பாவோ ஐயா?"

"வயித்தோட்ட வருத்தமும் கடுமைதான் அம்மா. பாப்பம்."

வேண்டுமென்றா செய்தாய் என்று எல்லாரும் கேட்கிறார்கள். இல்லை. அதனால் என்ன மாறிவிட்டது? தெரிந்த வேலை என்றால் கை யாரையும் கேட்பதில்லை. உங்கள் வீட்டில் இந்தத் தண்ணீர் கரைக்க வேண்டி வந்தால், உப்பில் வேலை செய்யாத ஒருவர் கரைக்கட்டும். அவரே ருசி பார்க்கட்டும். படுத்திருப்பவர் உப்பு என்றால் நம்புங்கள். இதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மறுநாள் விடியற்காலை மச்சாள் இறந்துவிட்டார். அன்று கரைக்கு வந்த பாரையை வேறு ஆட்கள் வாங்கிக்கொண்டு போனார்கள்.