அம்மா வேண்டிக்கொண்ட மலை

எங்கள் குடும்பத்தில் யாராவது மலையேறுவதாக வேண்டிக்கொண்டால், எந்த மலை என்பதையும் சொல்லித்தான் வேண்டிக்கொள்வார்கள். சாமிகள் ஆளுக்கொரு மலையில் உட்கார்ந்திருப்பதால் இதில் குழப்பம் கூடாது. அம்மா மட்டும் குழப்பிவிட்டாள்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது மூச்சிரைப்பு முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வராந்தாவில் நின்று அம்மா வேண்டிக்கொண்டாளாம், புள்ள பொழச்சி எழுந்தா ரெண்டு பேரும் கால்நடையா மலையேறி வர்றோம் என்று. நான் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்ட பிறகுதான் இதை வீட்டில் சொன்னாள். எந்த மலை என்று நைனா கேட்டார். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். இன்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"அந்த அவசரத்துல மலை பேரு எங்க சொன்னேன்?" என்றாள் அம்மா.

அவ்வளவுதான், அம்பத்தூரில் எங்கள் வீடு இரண்டுபட்டது. நைனாவின் அண்ணன், அதாவது என் பெரியப்பா, வருடா வருடம் பௌர்ணமிக்கு ஆள் சேர்த்துக்கொண்டு பருவதமலை ஏறுகிறவர். "மலைன்னா பருவதமலைதான். மத்ததெல்லாம் மேடு" என்றார். பாறையில் அடித்திருக்கும் கடப்பாறைகளில் கால் வைத்து, சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏறுவதைச் சமையலறைக் கதவைப் பிடித்து நடித்தே காட்டினார். கதவின் கீல் அன்று முதல் சத்தம் போட ஆரம்பித்தது.

"யாராச்சும் சும்மா மலைன்னு சொன்னா திருப்பதிதான்ணா. வேற இன்னா அர்த்தம்?" என்பது நைனாவின் கட்சி. எதிர்வீட்டு ஆன்ட்டி மாதா கோயிலுக்குப் போகிறவர். "பரங்கிமலைக்குக் கூட்டிக்கினு போங்கக்கா. பஸ்லயே போயிட்டு வந்துடலாம். மாதா ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்று தன் பங்குக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு மட்டும் இது வேடிக்கையாக இல்லை. எந்தச் சாமி என் மூச்சைத் திருப்பிக் கொடுத்ததோ, அந்தச் சாமியை விட்டு வேறு மலைக்குப் போய் நின்றால், கொடுத்தவர் கோபித்துக்கொண்டு பிடுங்கிக்கொள்வார் என்று நினைத்தேன். படுத்தால் நெஞ்சில் விசில் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பேன். எந்த மலையானாலும் நான் ஏறியே ஆக வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

அம்மா எந்தக் கட்சியிலும் சேரவில்லை. "மொதல்ல அவ நடக்கப் பழகட்டும். மலை எங்கியும் ஓடிப் போவாது" என்றாள்.

ஏற்பாடுகள் தொடங்கின. நைனா கேன்வாஸ் ஷூ வாங்கி வந்தார். வளர்கிற பிள்ளை என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கி, முனையில் பஞ்சை அடைத்துக் கொடுத்தார். பெரியப்பா குளுக்கோஸ் டப்பா, டார்ச், குரங்கை விரட்ட ஒரு கம்பு எல்லாம் சேர்த்தார். எங்கள் ஊரில் மலைக்கு எங்கே போவது? அதனால் ஸ்டேஷன் மேம்பாலப் படிகளில் தினமும் காலையில் எனக்குப் பயிற்சி. முதுகில் ஒரு பை. அதில் துண்டில் சுற்றிய செங்கல். பெரியப்பா கீழே நின்று விசில் ஊதுவார். வேலைக்குப் போகிற கூட்டம் இறங்க, நான் ஏறுவேன். ஏறியதும் திரும்ப இறங்குவேன். "இன்னா அண்ணாத்தே, ரயில் ஏறவே மாட்டீங்களா?" என்று ஒருவர் தினமும் கேட்டுவிட்டுப் போவார்.

பாதிப் படியில் மூச்சு முட்டும்போது, சரக்கு ரயிலின் பெட்டிகளை எண்ணுவதுபோல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவேன். பெரியப்பா நம்பினார். சரக்கு ரயில் வராத நாட்களில் காக்கையை எண்ணினேன்.

ஒருநாள் காய் வாங்க வந்த அம்மா, பூக்காரம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் இறங்கி வந்ததும் என் கையை எடுத்து, நகம் நீலம் பூத்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு செங்கல்லைப் பையிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தாள்.

அன்று சாயந்திரம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "ஞாபகம் வந்துடுச்சி. நான் வேண்டிக்கினது திருத்தணிக்கு" என்றாள்.

பெரியப்பாவின் முகம் தொங்கிப்போனது. "திருத்தணியா? அங்க மேல வரிக்கும் பஸ்ஸே போவுதேம்மா."

"படியிலதான் ஏறி வர்றேன்னு வேண்டிக்கினேன் மாமா" என்றாள் அம்மா, முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்ல முடியாது. மலை எதுவென்று தெரிந்துவிட்டது. அதுவும் பெரியப்பா மேடு என்று சொன்ன மலை. அன்று ராத்திரி நெஞ்சில் விசிலைத் தேடாமல் தூங்கினேன்.

மின்சார ரயிலில் அரக்கோணம் போய், பஸ் மாறித் திருத்தணியில் இறங்கினோம். படி தொடங்கும் இடத்திலேயே ஷூவைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். கோயில் படியில் செருப்புக் காலோடு ஏற முடியாது என்பது அத்தனை நாள் ஏற்பாட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நைனா பஞ்சடைத்த ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். நான் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். நான் உட்கார்ந்த இடத்திலெல்லாம் அம்மாவும் தனக்குக் கால் வலிக்கிறது என்று உட்கார்ந்தாள். குளுக்கோஸ் முழுவதையும் பெரியப்பாவே குடித்துத் தீர்த்தார். உச்சிக்கு வந்ததும் நைனா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கணக்கு தீர்ந்தது, இனி மூச்சை யாரும் கேட்க மாட்டார்கள் என்று இருந்தது. அம்மா மட்டும் சந்நிதியில் ரொம்ப நேரம் கன்னத்தில் போட்டுக்கொண்டே நின்றாள்.

அடுத்த வருடம் சித்ரா பௌர்ணமிக்குப் பெரியப்பா பருவதமலைக்கு ஆள் சேர்த்தபோது, நானும் வருகிறேன் என்று அம்மா கிளம்பினாள். நைனாவுக்கே ஆச்சரியம். துணையில்லாமல் திருவள்ளூர் கூடப் போகாதவள். நானும் வருவேன் என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு அடம்பிடித்தேன்.

"நீ வாணாம் கண்ணு. உனுக்கும் சேத்து நானே ஏறிட்டு வர்றேன்" என்றாள்.

குழந்தைகளை வீட்டில் விட்டுவிட்டுப் போகப் பெரியவர்கள் எதையாவது சொல்வார்கள். அப்படித்தான் அதையும் எடுத்துக்கொண்டு ஒருநாள் முழுக்கக் கோபமாக இருந்தேன்.

திரும்பி வந்தபோது அம்மாவின் உள்ளங்கைகள் சங்கிலி உராய்ந்து தோலுரிந்திருந்தன. விபூதியை என் நெற்றியிலும் நெஞ்சிலும் அழுத்திப் பூசினாள். கை எரிந்திருக்கும், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு பாய் கூட விரிக்காமல் படுத்து, பட்டப்பகலில் அப்படி ஒரு தூக்கம் தூங்கினாள். மலையேறிய களைப்பு என்று நினைத்துக்கொண்டு, கீல் சத்தம் போடாமல் கதவைச் சாத்திவிட்டு நான் விளையாட ஓடினேன்.