ஆள்பிணையில் போன மகிழ்ச்சி

மகிழ்ச்சி என்றால் என்ன என்று படிப்பிக்கிற வேலைக்கு, அதைக் கொஞ்சமாவது வைத்திருக்கிற ஆளைத்தான் எடுக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் மல்லாவியில், ஒரு பழைய நெல்லுக் களஞ்சியத்துக்குள், பல்கலைக்கழகம் போகாமலே வெளிவாரிப் பட்டத்துக்குப் படிக்கும் வளர்ந்த ஆட்களுக்கு மெய்யியல் படிப்பித்தேன். பண்டைய கிரேக்கரின் ஒழுக்கவியல் என் பங்கு. போரில் பாதை பூட்டுப்பட்டபோது இவர், என் கணவர், வேலை நிமித்தம் போன வவுனியாவில் அகப்பட்டுக்கொண்டார். நான் இந்தப் பக்கம். தனக்கு இல்லாததைப் பிறருக்கு விளக்கிச் சம்பளம் வாங்கியவர்கள் உங்களில் யாராவது இருந்தால் என் பாடு விளங்கும்.

எதற்காக?

நாம் ஒவ்வொன்றையும் இன்னொன்றுக்காகச் செய்கிறோம், மகிழ்ச்சியை மட்டும்தான் அதற்காகவே தேடுகிறோம் என்பது கிரேக்கர் கட்சி. அதை நிறுவ, வகுப்பில் இருந்த கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் நடேசு அண்ணையைப் பிடித்தேன். இப்போது உங்களுக்கு என்ன வேண்டும் என்றேன். மண்ணெண்ணெய் லொறி வரவேண்டும் என்றார். எதற்கு? சனம் ஏசாமல் இருக்க. அது எதற்கு? வீட்டுக்குப் போய் நிம்மதியாக நித்திரை கொள்ள. நித்திரை எதற்கு என்று நான் விடாமல் கேட்டதும் மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ரீச்சர், நித்திரையோடை நிப்பாட்டுங்கோ. அதுக்கங்காலை எனக்கு ஒண்டும் வேண்டாம்."

நடுவழி

நற்பண்பு என்பது இரண்டு அந்தங்களுக்கு நடுவில் இருப்பது. கோழைத்தனம் ஒரு பக்கம், கண்மூடித்தனம் மறுபக்கம், நடுவில் துணிவு. இதைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே விமானச் சத்தம் கேட்டது. வெளியில் நின்று அண்ணாந்து பார்த்த ஒருவரைத் தவிர எல்லோரும் பதுங்குகுழிக்கு, பங்கருக்குள், விழுந்தடித்து ஓடினோம். கடைசியாக வந்தவள் புஷ்பம். கொக்கிளாயிலிருந்து இடம்பெயர்ந்த மீன்பிடிக் குடும்பம், பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியை, வகுப்பிலேயே கெட்டிக்காரி. பாதி உடம்பு வெளியே தெரிய வாசலில் குந்திக்கொண்டிருந்தாள். மூச்சு வந்ததும் நான் பாடத்தை விடாமல், இப்போது யார் துணிவாக நடந்தது என்று கேட்டேன்.

"முதல் குதிச்சவர் கோழை, வெளியிலை நிண்டு பாத்தவர் விசரன், ரீச்சர். நடுவிலை வந்த எனக்குத்தான் பங்கருக்குள்ளை இடமில்லை."

பழக்கம்

நற்பண்பு பிறவியில் வருவதில்லை, பழகப் பழகத்தான் வரும் என்று ஒருநாள் சொன்னேன். புஷ்பம் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். கடலை விட்டு வந்து எத்தனையோ வருடமாகியும் விடியமுதல் எழும்பி முற்றத்தில் நின்று காற்றுப் பார்க்கிறாராம். இன்றைக்குத் தொழிலுக்கு நல்ல காற்று என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் போய்ப் படுத்துவிடுவாராம். யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் ஒரு பழக்கம் இருந்தது. பகலில் நடந்ததையெல்லாம் பின்னேரம் இவருக்குச் சொல்வதற்கென்று மனதில் அடுக்கிவைப்பேன். சொல்ல ஆளில்லை என்று தெரிந்தும் அடுக்குவேன். இவரை நினைத்தால் நெஞ்சு வலித்தது. வேறு எப்படிச் சொல்ல? புஷ்பம் விடாமல் கேட்டாள்.

"கடல் இல்லாத இடத்திலை கடல் பழக்கத்தை வைச்சிருக்கிற மனிசனை உங்கடை கிரேக்கர் என்னெண்டு சொல்லுவினம், ரீச்சர்?"

ஆள்பிணை

வவுனியா போய்வர எனக்கு இயக்கத்திடம் இரண்டு கிழமைப் பயண அனுமதி, பாஸ், கிடைக்கும் என்று தெரியவந்தது. ஆனால் ஆள்பிணை வைக்கவேண்டும். போனவர் திரும்பாவிட்டால் பிணை நின்றவருக்குப் பிறகு பாஸ் கிடையாது. அதனால் சொந்தக்காரரே கண்ணில் படாமல் ஒளித்துத் திரிந்தார்கள். கேட்காமலே வந்து கையெழுத்துப் போட்டவள் புஷ்பம். அவளுக்கு இறுதிச் சோதனை அடுத்த மாதம், அதுவும் வவுனியாவில். பாஸ் இல்லாவிட்டால் இத்தனை வருடப் படிப்பும் போச்சு. வேண்டாம் பிள்ளை, யோசி என்றேன்.

"நீங்கள் வராட்டில் எனக்குச் சோதினை இல்லை, படிக்கிற கரைச்சலும் இல்லை. சந்தோசமாப் போட்டு வாங்கோ."

அந்தப் பக்கம்

இவர் மெலிந்திருந்தார். வாடகை அறையில் ஒரு கதிரை, ஒரு மின்விசிறி, ஒரு சோற்றுப் பானை. அடுக்கிவைத்த கதையெல்லாம் சொல்லித் தீர்த்தேன். அந்த இரண்டு கிழமையும் நான் படிப்பித்த எந்த வரைவிலக்கணத்துக்குள்ளும் அடங்காத மகிழ்ச்சியாக இருந்தது. போகவேண்டிய நாள் கிட்டியது. நில்லும் என்று இவர் ஒருதரம்தான் கேட்டார். புஷ்பத்தின் சோதனையைச் சொன்னேன். கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"அந்தப் பிள்ளைக்குச் சோதினை அடுத்த வருசமும் வரும். எங்களுக்கு இந்த வருசம் திரும்பி வருமோ?"

அரைப் புள்ளி

சொன்ன நாளிலேயே புறப்பட்டேன். வழிநெடுக அழுதேன். உழவு இயந்திரப் பெட்டியில் பக்கத்தில் இருந்த அம்மா செத்தவீட்டுக்குப் போகிறேன் என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தா. நான் வந்து சேர்ந்த கையோடு புஷ்பத்துக்குப் பாஸ் உறுதியாயிற்று.

அந்தச் சனிக்கிழமைப் பாடம், வேறெதுவும் கிடைக்காததுபோல, இதுதான்: நல்லதை மனம் விரும்பிச் செய்பவனே நற்பண்பாளன், மனம் முரண்டுபிடிக்க அதை அடக்கிச் செய்பவன் ஒரு படி கீழே. புஷ்பம் என் வீங்கின கண்ணைப் பார்த்தாள். அழுதழுது திரும்பி வந்த ஆளுக்குக் கிரேக்கர் எத்தனை புள்ளி போடுவார்கள் என்று கேட்டாள். அரைப் புள்ளி என்றேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"அப்ப அவையளிலை ஒருத்தரும் கட்டின மனிசியை விட்டிட்டு ஆள்பிணையிலை ஒரு இடமும் போய் வரேல்லை, ரீச்சர்."

மகிழ்ச்சியை வரையறுக்க ஒரு நெல்லுக் களஞ்சியமும் கரும்பலகையும் போதும், அந்த மகிழ்ச்சியோடு ஒரே அறையில் இருக்கத்தான் பாதை திறக்கவேண்டும்.